மரை கழன்ற நாட்கள்

மார்ச் 4, செவ்வாய்

காலை முழுக்க மருத்துவமனையில் மாவுக்கட்டுப் பிரிக்கும் வேலை. காதுக்குள் இன்னும் அந்தச் சின்ன ரம்பம் ஓடிக்கொண்டிருக்கிறது. வீட்டுக்கு வந்ததும் கையைக்கூடச் சரியாகக் கழுவாமல் பின்கொட்டகைக்கு ஓடினேன். புது ஷாக் அப்சார்பரைப் பழைய பைக்கில் மாட்டிப் பார்க்கும் ஆசை.

மாட்டினேன். அழகாக உட்கார்ந்தது. நட்டைப் போட்டு முடுக்கினேன். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம், கெட்டியாக இருக்கட்டுமே என்று ஒரு கடைசித் திருகு. அப்போது கைக்குள் ஏதோ மெத்தென்று வழிவிட்டது. அதற்குப் பிறகு நட்டு சுற்றுகிறது, சுற்றுகிறது, சுற்றிக்கொண்டே இருக்கிறது.

போச்சு. ஃபிரேமோடு பற்றவைத்த இரும்பு முளை அது. அதில்தான் ஷாக் அப்சார்பரின் மேல்முனை தொங்கவேண்டும். முளையின் மரையை மொத்தமாக வழித்துவிட்டேன். போல்ட் என்றால் கடையில் வேறு வாங்கலாம். இது வண்டியின் எலும்பு. எந்தக் கடையில் போய் எலும்பு கேட்பது?

அம்மா எட்டிப் பார்த்தாள். "என்னடி ஆச்சு?"

"மரை கழண்டுடுச்சும்மா."

"அது எனக்குத் தெரியும். வண்டிக்கு என்ன ஆச்சு?"

மார்ச் 5, புதன்

நட்டு இன்றும் வழுக்குகிறது. ராத்திரியோடு தானாக ஆறிவிடும் என்று நினைத்தேனோ?

மார்ச் 8, சனி

மெக்கானிக்கிடம் போட்டோவைக் காட்டினேன். போனைக் கையில்கூட வாங்கவில்லை. "ஃபிரேமை மாத்திடுங்க" என்றார். தலைவலி என்று போனவளிடம் தலையை மாற்றச் சொன்ன மாதிரி இருந்தது.

வண்டியை எனக்குக் கொடுத்தவர் எங்கள் மருத்துவமனையின் சலவைப் பிரிவு அண்ணன். ஸ்கூட்டர் வாங்கிக்கொண்டு இதைப் பழைய இரும்புக்குப் போடப் போனவரிடம், "நான் எடுத்துக்கறேன்" என்று வாயைக் கொடுத்துவிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன்? அன்று காலையில்தான் நாற்பது முடிந்திருந்தது. வேறு காரணம் தெரியவில்லை. அவரிடமே போய்ப் புலம்பினேன்.

"கீழ்த்தளத்துல கால்காரர் இருக்காரேம்மா, அவரைக் கேளு. லேத்தே வச்சிருக்காரு" என்றார்.

செயற்கைக் கால் செய்பவரை மருத்துவமனையில் எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள். நான் இரண்டாம் மாடி, அவர் கீழ்த்தளம். இத்தனை வருடத்தில் லிஃப்டில்கூடச் சேர்ந்து ஏறியதாக நினைவில்லை.

மார்ச் 10, திங்கள்

கீழே போனேன். எழுத உட்காரும்போதே சிரிப்பு வருகிறது.

நீளமான அறை. ஒரு சுவரில் இடது கால்கள், எதிர்ச் சுவரில் வலது கால்கள், எல்லாம் ஆணியில் தொங்குகின்றன. நடுவில் நடந்து போனால் ஏதோ ஊர்வலத்தில் புகுந்துவிட்ட மாதிரி. கடைசியில் ஜன்னலோரம் சின்ன லேத். அதன் முன்னால் இரும்புத் தூள் படிந்த மூக்குக்கண்ணாடியோடு அவர். என் வயதுதான் இருக்கும். காதுக்கு மேல் கொஞ்சம் நரை.

போட்டோவை வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். நிறைய நேரம் பார்த்தார். பிறகு அவர் கேட்ட முதல் கேள்வி, "உங்க எடை எவ்வளவு?"

"எதுக்கு?"

"இந்த முளைதானே உங்களைத் தாங்கணும்."

"அம்பத்தொன்பது" என்றேன்.

மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்தார். மரியாதையாகத்தான். தையல்காரர் துணியைப் பார்க்கிற மாதிரி. "சரி. அம்பத்தொன்பதுன்னே வச்சுக்குவோம். செய்யறதை அறுபத்தஞ்சுக்குச் செஞ்சிடறேன்."

அறுபத்து நான்கரை. என் அம்மாவுக்குக்கூடத் தெரியாத உண்மை.

"சனிக்கிழமை வந்து நேர்ல பாக்கறேன் சிஸ்டர்."

மார்ச் 11, செவ்வாய்

சிஸ்டராம்.

மருத்துவமனையில் வேலை பார்க்கிற பெண்கள் எல்லாரையும் எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். வாட்ச்மேன் கூப்பிடுகிறார், டாக்டர் கூப்பிடுகிறார். ஒருநாளும் உறுத்தியதில்லை. இன்றைக்கு மட்டும் என்னவாம்?

மார்ச் 15, சனி

வந்தார். பஸ்ஸில் இறங்கி, தோளில் கனமான பையோடு, லேசாகச் சாய்ந்து நடந்து வந்தார். பையின் கனம் என்று நினைத்தேன்.

கொட்டகையில் வண்டிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். "ஒரு நிமிஷம்" என்று பேன்ட்டின் இடது காலை முழங்கால்வரை சுருட்டினார். ஒரு கிளிப்பைத் தட்டினார். ஷூ, சாக்ஸ் எல்லாவற்றோடும் காலைக் கழற்றிச் சுவரில் சாய்த்து வைத்தார். "இதை மாட்டிக்கிட்டு மடக்கி உக்கார முடியாது. செஞ்சவன் சரியில்ல."

செய்தவர் அவரேதான் என்று எனக்கு உறைக்கக் கொஞ்ச நேரமானது. சின்ன வயதில் ஏதோ புண், அது முற்றிக் காலோடு போய்விட்டதாம். காய்ச்சல் வந்து போன கதை போலச் சொன்னார்.

அந்த நேரம் பார்த்து அம்மா டீயோடு வந்தாள். அவரைப் பார்த்தாள். சுவரில் நிற்கும் காலைப் பார்த்தாள். போச்சு, ஏதாவது சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். அம்மாவின் வாய் அப்படி.

"தம்பி, இவருக்கும் ஒரு டீ கொண்டு வரட்டுமா?"

அவர் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த ஸ்பேனர் கீழே விழுந்தது. கொட்டகையில் யாரும் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. பிஸ்கட்டும் கொண்டுவந்து வைத்தாள்.

அப்புறம் வேலைப் பேச்சு. இரண்டு வழி. ஒன்று, முளையின் நடுவில் துளை போட்டு, உள்ளே மரை வெட்டி, அகலமான வாஷரோடு ஒரு போல்ட்டை இறக்குவது. இன்னொன்று, பழைய முளையை அறுத்துவிட்டு லேத்தில் புதிது கடைந்து பற்றவைப்பது.

"நானா இருந்தா புதுசு வைப்பேன்" என்றார்.

"அறுக்கறதுன்னா எனக்குப் பயமா இருக்கு. துளையே போடுங்க."

"வண்டி உங்களுது." துளை போட்டார், நேராக, பொறுமையாக. வெளிச்சம் போய்விட்டதால் மரை வெட்டும் டேப்பை என்னிடமே விட்டுவிட்டு, "நாளைக்கு சாயங்காலம் வந்து வெட்டிடலாம் சிஸ்டர்" என்று கிளம்பினார்.

மறுபடியும்.

மார்ச் 16, ஞாயிறு

ஐயோ. டேப்பை உடைச்சுட்டேன்.

அவர் வர்றதுக்குள்ள முடிச்சு வச்சா அசந்து போவாரேன்னு ஒரு நினைப்பு. எதுக்குடி உனக்கு இந்த வேலை? அரைச் சுற்று முன்னால, கால் சுற்று பின்னாலன்னு சொல்லிக் கொடுத்துட்டுத்தானே போனார். ரெண்டு தடவை அப்படியே செஞ்சேன். மூணாவது தடவை பாட்டு முணுமுணுத்துக்கிட்டே ஒரே திருகு. டிக். அவ்வளவுதான். பாதி டேப் துளைக்குள்ள மாட்டிக்கிச்சு. துளை போடுற ஊசியைவிட அது கெட்டியாம். குடைஞ்சும் எடுக்க முடியாது. முன்னால மரை மட்டும்தான் போயிருந்தது. இப்போ முளையே போச்சு.

"வர வேண்டாம், தலைவலி" என்று அவருக்குச் செய்தி அனுப்பினேன். அதில் பொய் ஒன்றும் இல்லை.

மார்ச் 17, திங்கள்

மதிய இடைவேளையில் இறங்கிப் போய் உடைந்த டேப்பின் கைப்பிடிப் பாதியை அவர் மேஜையில் வைத்தேன்.

எடுத்துப் பார்த்தார். "நல்லதாப் போச்சு."

"இதுல என்ன நல்லது?"

"இல்லன்னா நேத்தே வேலை முடிஞ்சிருக்கும்."

சொல்லிவிட்டு லேத் பக்கம் திரும்பிக்கொண்டார். லேத் ஓடவே இல்லை. அதைத் துடைத்துக்கொண்டிருந்தார். காது மடல் சிவந்திருந்தது.

நான் எப்படி இரண்டு மாடி ஏறினேன் என்று தெரியவில்லை. லிஃப்ட் இருப்பதே மறந்துவிட்டது. மதியம் வந்த முதல் நோயாளிக்கு மாவுத்துணியை நனைத்து, சுற்ற ஆரம்பித்து, இரண்டு சுற்று முடித்த பிறகு அவர் பணிவாகச் சொன்னார்: "அம்மா, உடைஞ்சது இன்னொரு கை."

மார்ச் 18, செவ்வாய்

"இல்லன்னா நேத்தே வேலை முடிஞ்சிருக்கும்." இதற்கு வேறு அர்த்தம் இருக்க முடியுமா? நன்றாக யோசித்துவிட்டேன். முடியாது. முடியுமோ?

மார்ச் 22, சனி

அறுப்பதென்று முடிவு. ஆனால் அவர் சாக்பீஸை வைத்துக்கொண்டு நெடுநேரம் முளையையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். சிக்கல் இதுதான்: அறுத்து எடுத்துவிட்டால் பழைய முளை எந்த இடத்தில், எந்தச் சாய்வில் நின்றது என்பதற்கு அடையாளமே இருக்காது. வண்டி எப்போதோ விழுந்து எழுந்தது. வலப்பக்கத்தை அளந்து இடப்பக்கத்துக்கு வைக்கவும் முடியாது. ஒரு நூல் பிசகினாலும் ஷாக் அப்சார்பர் கோணலாக இழுக்குமாம்.

நான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். (அதற்குத்தான் அங்கே உட்கார்ந்திருந்தேன், உண்மையைச் சொன்னால்.) திடீரென்று தோன்றியது.

"மாவுக்கட்டு போட்டுடலாமா?"

"யாருக்கு?"

"முளைக்கு. அப்படியே ஃபிரேமோட சேர்த்துக் கட்டிடறேன். காஞ்சதும் ரம்பத்தால ரெண்டா பிளந்து எடுத்துடலாம். உள்ளே முளையோட அச்சு இருக்கும். நீங்க பழசை அறுத்துட்டு, புதுசை அந்த அச்சுக்குள்ள படுக்க வச்சு, ரெண்டு பாதியையும் மறுபடி மூடிக் கட்டினா, பழசு நின்ன இடத்துல, நின்ன சாய்வுலயே நிக்கும். பின்பக்கமா பத்த வச்சுக்கலாம்."

அவர் சாக்பீஸைக் கீழே வைத்தார். என்னையே பார்த்தார். பிறகு தன் தலையில் தானே ஒரு தட்டு.

"தினமும் மாவுல அச்சு எடுத்துத்தானே கால் செய்யறேன். என் புத்தி எங்கே போச்சு?"

எங்கே போயிருக்கும் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

எண்ணெய் தடவி, துணியை நனைத்து, வழித்து வழித்துச் சுற்றினேன். ஓரங்களை அவர் பிடித்துக்கொண்டார். இருவர் கையும் முழங்கைவரை மாவு. என் வாழ்நாளில் இவ்வளவு வழவழப்பாக ஒரு கட்டுப் போட்டதில்லை. பெரிய டாக்டர் பார்த்திருந்தால் மாணவர்களைக் கூட்டிவந்து காட்டியிருப்பார்.

அம்மா வந்து பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள். "எத்தனை நாள் அசையக் கூடாதுன்னு சொல்லியிருக்கீங்க?"

மார்ச் 23, ஞாயிறு

கட்டு காய்ந்திருக்கிறதா என்று பார்க்க வந்தார். ஒரு நாளில் காயாது என்று அவருக்குத் தெரியாதா? தொழிலே அதுதானே?

தட்டிப் பார்த்தார். பிறகு திரும்பாமலே, "ஏங்க, அந்த டார்ச்சைக் கொஞ்சம் எடுங்க" என்றார்.

ஏங்க.

சமையலறையில் ஏதோ கரண்டி விழுந்தது. அம்மாவுக்குப் பாம்புக் காது.

மார்ச் 29, சனி

இன்றைய நாளை முழுசாக எழுதிவைக்கவேண்டும்.

கட்டை நான்தான் பிளந்தேன். இரண்டு பாதியும் சுத்தமாகக் கழன்று வந்தன. உள்ளே முளையின் அச்சு, தேய்ந்த மரைவரை தெளிவாக. அவர் பழைய முளையை அறுத்தார். அது தரையில் விழுந்து உருண்டபோது பாவமாக இருந்தது. பிறகு அவர் கீழ்த்தளத்திலிருந்து கொண்டுவந்த துணிப்பொட்டலத்தைப் பிரித்தார். புதிய முளை. பின்பக்கம் அகலமான தலை, நடுவில் வழுவழு தண்டு, நுனியில் கூர்மையான மரை. கையில் வாங்கியபோது இன்னும் எண்ணெய் மணத்தது. ஆண்பிள்ளைகள் பூ வாங்கித் தருவார்களாம், மோதிரம் தருவார்களாம். எனக்கு ஒன்றும் குறையாகத் தெரியவில்லை.

தெருமுனை வெல்டர் அண்ணன் மிஷினைத் தள்ளிக்கொண்டு வந்தார். வெள்ளை மாவுக்கட்டோடு நிற்கும் வண்டியைப் பார்த்து, நெற்றியைச் சொறிந்துகொண்டு சொன்னார். "முப்பது வருஷமா பத்த வைக்கறேன். நோயாளிக்குப் பத்த வச்சதில்ல."

எங்களை முகத்தைத் திருப்பிக்கொள்ளச் சொன்னார். இருவரும் சுவரைப் பார்த்து நின்றோம், பள்ளிக்கூடத்தில் தண்டனை வாங்கியவர்கள் மாதிரி. நீலவெளிச்சம் சுவரில் வெட்டி வெட்டி அடித்தது. எங்கள் நிழல்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. நாங்கள் ஒரு கை தள்ளித்தான் நின்றோம். நிழல்களுக்கு அது தெரியவில்லை.

ஆறவிட்டு, கட்டை எடுத்து, ஷாக் அப்சார்பரை மாட்டினோம். தானாகப் போய் உட்கார்ந்தது. அவர் ஸ்பேனரை என்னிடம் நீட்டினார்.

"வேண்டாம். என் கை சரியில்ல."

"கட்டைப் போட்டதே உங்க கைதான். முடுக்குங்க."

முடுக்கினேன். கனத்தது. இன்னும் கொஞ்சம். பிடித்துக்கொண்டது. நிறுத்தினேன். ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். இல்லாவிட்டால் இன்னொரு திருகு திருகியிருப்பேன். அவர் தன் முழு எடையையும் வண்டியின் பின்பக்கம் போட்டு அமுக்கினார். வண்டி இறங்கி, நிதானமாக எழுந்தது. மறுபடி அமுக்கினார். எழுந்தது. நானும் போய் அமுக்கினேன். வெல்டர் அண்ணனும் அமுக்கினார். அம்மாவும் வந்து ஒரு அமுக்கு.

எல்லாரும் போன பிறகு கொட்டகையைப் பெருக்கினேன். அப்போதுதான் உறைத்தது. வேலை முடிந்துவிட்டது.

மார்ச் 30, ஞாயிறு

ஓட்டினேன். நீர்த்தேக்கம்வரை போய் வந்தேன். ஓடுகிறது, ஓடுகிறது, வெண்ணெயாக ஓடுகிறது. போகும்போது கத்திப் பாடினேன். வரும்போது பாடவில்லை.

ஏப்ரல் 2, புதன்

அவர் வரவில்லை. எதற்கு வரவேண்டும்?

அம்மா கீரை ஆய்ந்தபடி, என்னைப் பார்க்காமல், "வேற ஏதாவது உடைச்சு வையேன்" என்றாள்.

ஒரு கல்யாணம் செய்து, அது முறிந்து, கையெழுத்துப் போட்டுவிட்டு அம்மாவிடம் திரும்பி வந்தவள் நான். அந்த வீட்டில் நான் எதையாவது கேட்கும் முன் மூன்று முறை ஒத்திகை பார்ப்பேன். 'முடியாது' என்று பதில் வந்தால் எப்படி முகத்தை வைத்துக்கொள்வது என்பதற்கும் சேர்த்து. அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. பாத்ரூம் கண்ணாடி முன்னால் இப்போதும் ஒத்திகைதான் நடக்கிறது. வெட்கக்கேடு.

நாளைக்குப் பேசிவிடலாம். நாளை மறுநாள்.

ஏப்ரல் 4, வெள்ளி

போய்விட்டேன். ஒத்திகை பார்த்தது ஒரு வார்த்தைகூட ஞாபகம் வரவில்லை.

லேத்தை நிறுத்தினார். "என்ன உடைஞ்சது?"

"எதுவும் உடையல. சும்மா வந்தேன்."

"சும்மான்னா?"

"சும்மான்னா சும்மாதான். ஞாயித்துக்கிழமை வண்டியில ஒரு சுத்து வரீங்களா?"

இடது கால்கள், வலது கால்கள் எல்லாம் காதைத் தீட்டிக்கொண்டு நின்றன. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே துடைத்தார்.

"பைக்ல நான் உக்காந்ததே இல்ல. இந்தக் கால் கம்பியில நிக்காம வழுக்கிடுமோன்னு... பயம்தான், வேறென்ன?"

"எனக்கும் பயம்தான்" என்றேன். எதைப் பற்றிய பயம் என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

"காலைல வரட்டுமா, சாயங்காலமா?" என்றார்.

ஏப்ரல் 6, ஞாயிறு

காலையிலேயே வந்துவிட்டார். கால்கம்பியில் ரப்பர் சுற்றி, ஷூ நழுவாமல் இருக்க ஒரு பட்டையும் வைத்துத் தைத்துக் கொண்டுவந்திருந்தார். நேற்று முழுக்க அதுதான் வேலையாம்.

பின்னால் கம்பியைத்தான் பிடித்துக்கொண்டார். தெருமுனை வேகத்தடைவரை. அதற்குப் பிறகு என் தோள். வேகத்தடை முடிந்த பிறகும் கையை எடுக்கவில்லை. ஊரில் உள்ள வேகத்தடை எல்லாவற்றுக்கும் கோடி புண்ணியம்.

நீர்த்தேக்கக் கரையில் உட்கார்ந்தோம். அவர் "காத்து இப்படி அடிக்குமா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். மீன்கொத்தி ஒன்று விழுந்து எழுந்தது. பிறகு தண்ணீரைப் பார்த்தபடி, "உங்க அம்மாகிட்ட நான் பேசட்டுமா, இல்ல நீங்களே பேசறீங்களா?" என்றார்.

"அம்மா எப்பவோ முடிவு பண்ணிட்டாங்க. நம்மகிட்டதான் இன்னும் யாரும் கேக்கல."

"சரி, நான் கேக்கறேன்."

கேட்டார். என்ன சொன்னேன் என்று இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் அம்மா படித்துவிடுவாள்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ராத்திரி பெய்த மழையில் தெரு கழுவிவிட்ட மாதிரி இருந்தது. அவர் தெருவில் வண்டி ஓட்ட நல்ல நாள் என்று இன்றைக்கே வைத்துக்கொண்டோம்.

கியரை விரலால் நெம்ப முடியாத கால் அவருடையது. அதனால் பாதம் முழுவதையும் வைத்து முன்னும் பின்னும் அழுத்துகிற மாதிரி ஒரு நீளமான மிதியைக் கடைந்து மாட்டியிருக்கிறார். இத்தனை நாளும் கொட்டகைக்கும் வாசலுக்கும் நடுவிலேயே பழகினார். இன்றைக்குத் தெருவில் இறங்கலாம் என்றேன். சாவியை அவர் கையில் கொடுத்துவிட்டு, முதல்முறையாக நான் பின்னால் ஏறி உட்கார்ந்தேன்.

அம்மா வாசல்வரை வந்தாள். "மாப்பிள்ளை, மெதுவாப் போங்க."

அவர் மெதுவாகத்தான் போனார். சைக்கிளில் காய்கறிப் பையோடு போன ஒரு அம்மாள் எங்களை முந்திக்கொண்டு போய்த் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார். எனக்கு அடிவயிற்றிலிருந்து சிரிப்பு வந்துவிட்டது. அடக்க அடக்க வண்டி ஆடியது.

"சிரிக்காதே, பேலன்ஸ் போகுது" என்றார், முன்னாலேயே பார்த்துக்கொண்டு. அவர் முதுகும் குலுங்கிக்கொண்டுதான் இருந்தது.